மறுமொழிக்கு ஒரு தவணை

ஒரு கடிதத்துக்கு மறுமொழி எழுதுவதற்கு எவ்வளவு காலம் வேண்டும்? இவ்வினாவுக்கு நம் பாட்டனார் காலத்தவர் ஒரு விடையும், நம் பிள்ளைகள் வேறொரு விடையும் கூறுவர். முன்னாளிலே, ‘கடிதம் போட்டுப் பதினைந்து நாளாயிற்று, மறுமொழி வரவில்லையே’ என்று குறைப்படுவதே கடுமையான பேச்சாகக் கருதப்பட்டது. இக்காலத்திலோ பதினைந்து நிமிடம் கழிந்தாற் போதும். ‘பார்த்தும் பாராதவர்போல் இருக்கிறார்’ என்னும் பழி பிறந்துவிடுகின்றது. நலம் விசாரிப்பதற்கும் நற்செய்தி சொல்வதற்கும் இவ்விரைவு நன்றே. ஆயினும் கருத்து மாறுபாடு எழுந்தவிடத்து, மறுமொழிக்குக் கிடைக்கும் காலத்தின் அளவு அம்மாறுபாட்டின் இயல்பையே மாற்றிவிடுகின்றது என்று நாம் எண்ணுகின்றோம். இவ்வாரம் அதனைச் சிறிது ஆராய்வோம்.

எழுத்திலே வாதிடுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1841ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’யைத் தொடங்கினர். ஹென்றி மாட்டின், சேத் பேசன் என்னும் இரு தமிழர் அதன் ஆசிரியராயிருந்தனர். அது தமிழும் ஆங்கிலமுமாக மாதம் இருமுறை வெளிவந்தது. சமயத்தைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் ஊர் வழக்கங்களைப் பற்றியும் அதிற் கடிதங்கள் வெளியாயின. ஓரிதழில் வந்த கருத்தை ஒருவர் மறுக்க விரும்பினால் அடுத்த இதழ் வரும்வரை பொறுத்தேயாகவேண்டும். அப்பதினைந்து நாளிலே மறுப்பவர் என்ன செய்வார்? எழுதியதை மறுபடி படிப்பார். அயலிலுள்ள பண்டிதரிடம் காட்டுவார். ஏட்டை அவிழ்த்து மேற்கோளைச் சரிபார்ப்பார். சில வேளை, எழுதியதைக் கிழித்தெறிந்துவிட்டுத் தோட்டத்துக்கு நீர் இறைக்கப் போய்விடுவார். அச்சேறாத மறுப்புகள் எத்தனையென்று யாரும் கணக்கெடுத்ததில்லை. அவற்றால் ஊருக்கு விளைந்த நன்மையையும் யாரும் கணக்கெடுத்ததில்லை.

இங்ஙனம் கூறுவதனால், ‘அக்காலத்திலே எல்லாரும் ஆறியமர்ந்து இனிமையாக வாதிட்டனர்’ என்று நாம் சொல்வதாக நேயர்கள் கருதிவிடக்கூடாது. அருட்பா மருட்பாப் போரை எடுத்துப் பாருங்கள். இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867இலே ‘திருவருட்பா’ என்னும் பெயரால் அச்சாயின. திருமுறைகளுக்கேயுரிய பெயரை இப்பாடல்களுக்கு இடுவதா என்று ஆறுமுக நாவலர் வெகுண்டார். ‘போலியருட்பா மறுப்பு’ எழுந்தது. 1869இலே வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் ஏறியது. 1874இல் அடிகளும் 1879இல் நாவலரும் மறைந்தனர். வாதித்த இருவரும் இல்லை. வாதம் மட்டும் இருந்தது! ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து அதனை மீண்டும் மூட்டியவர் நம் வடமராட்சியாரே. கரவெட்டிக்கு அயலூராகிய மேலைப்புலோலியிற் பிறந்து சென்னையிலே தமிழாசிரியராய் விளங்கிய நா. கதிரைவேற்பிள்ளை 1904இலே மருட்பா மறுப்பு நூலை வெளியிட்டார். அருட்பாவின் பக்கம் நின்று அவரை எதிர்த்தவருள் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் முதன்மையானவர். சைவர் இருவர் பூசலிலே முஸ்லிம் புலவர் ஒருவர் அருட்பாவுக்காக வாதாடியமை தமிழுக்கு எவ்வளவு பெருமை!

இவ்வழக்கும் நீதிமன்றம் சென்றது. கதிரைவேற்பிள்ளையிடம் இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியிலே தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லச் சென்றார். அதனால் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் வாய்ப்பை இழந்தார். அம்மாணவரே பிற்காலத்தில் தமிழகம் போற்றிய திரு. வி. கலியாணசுந்தரனார். பெரியவர்களின் வாதத்துக்கு இளையோர் செலுத்தும் விலை சிறிதன்று என்பதை மாணவ நேயர்கள் குறித்துக்கொள்க. (அவர் பட்டமின்றியே உயர்ந்தார் என்பது வேறு, எல்லாரும் திரு. வி. க. ஆகிவிட முடியாது.)

ஆகவே, மெதுவாக நடப்பதனால் மட்டும் ஒரு வாதம் தூய்மை அடைந்துவிடாது. அக்காலத்துக் கண்டனப் பிரசுரங்களைப் பின்னர் தொகுத்தபோது பெரும் நூலாயின. அவற்றிலுள்ள வசைமொழிகளை இஞ்ஞாயிறு இதழிலே எடுத்துக்காட்டவும் முடியாது. காலம் கிடைத்தவர் கத்தியைத் தீட்டவும் அக்காலத்தைப் பயன்படுத்தலாம் அன்றோ? எனினும் அவ்வசைநூல்களிடத்தும் ஒரு சிறப்பு உண்டு. எதிரி சொன்னதை முதலில் எடுத்தெழுதி, அதன்பின்னரே மறுப்பெழுதுவது கண்டன நூலாசிரியரின் வழக்கம். எதிரியை எவ்வளவு வெறுத்தாலும் அவர் நூலைப் படிக்காமல் இவர் மறுநூல் எழுதமுடியாது. வெறுப்பினூடேயும் ஒரு படிப்பு நடந்தது. இப்படிப்பே விரைவிலே முதற்பலியாகின்றது என்பதைப் பின்னர் காண்போம்.

நிற்க. நம் காலத்துக்குச் சற்று அண்மையில் வருவோம். 1932இலே கரவெட்டியிற் பிறந்து, அவ்வூர் விக்னேசுவராக் கல்லூரியிலும் கொழும்பு சாகிராக் கல்லூரியிலும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. அவரும் க. கைலாசபதியும் முற்போக்கு எழுத்தாளரின் பக்கம் நின்ற வாதமொன்று 1960களின் தொடக்கத்தில் நடந்தது. கதையிலே உழவனும் மீனவனும் தாம் பேசும் தமிழையே பேசலாமா, அன்றி இலக்கண மரபு வழுவாமற் பேசவேண்டுமா என்பதே கேள்வி. கலாநிதி ஆ. சதாசிவம் போன்ற அறிஞர் மரபின் பக்கம் நின்றனர். ‘தினகரன்’ முதலிய பத்திரிகைகளிலே கட்டுரையும் மறுப்பும் மாறிமாறி வந்தன. மொழியைப் பற்றியதாகத் தோன்றினும், யாருடைய வாழ்வு ஏட்டிலேறத் தகுதியுடையது என்பதே அதன் உட்பொருள். ‘இழிசனர்’ என்னும் சொல் அவ்வாதத்திலே புரண்டமை அதற்குச் சான்று.

கொழும்பிலே அச்சான பத்திரிகை புகையிரதமேறி யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து பேருந்தில் நெல்லியடிச் சந்தியில் இறங்கி, ஊர் வாசிகசாலை மேசைக்கு வரவேண்டும். அங்கே ஒருவர் உரத்து வாசிக்கப் பலர் கேட்பர். மறுப்பு எழுத விரும்பியவர் இரவிலே அரிக்கன் விளக்கின் முன்னிருந்து எழுதிக் காலையிலே தபாலில் இடுவார். அது கொழும்பு சேர்ந்து, ஆசிரியர் கையிலே வெட்டுண்டு, அச்சேறித் திரும்ப ஒரு கிழமையேனும் ஆகும். அக்கிழமை எழுதியவருக்கு மட்டுமன்றிக் கேட்டிருந்தவர்க்கும் உரியதாயிருந்தது. வாசிகசாலைத் திண்ணையிலே இருந்தவர் இரு பக்கத்தையும் ஆறநினைந்து, ‘இவர் சொல்வதிலும் நியாயமுண்டு’ என்று சொல்லத் துணிந்தனர். பேச்சுத்தமிழ் ஈழத்துக் கதைகளிலே நிலைபெற்றதற்கு எழுதியவரின் திறமையோடு இத்திண்ணைப் பேச்சும் ஒரு காரணம் என்பது நம் துணிபு.

அதே பிணக்கு பத்திரிகையை விட்டு மேடைக்கு வந்தபோது என்ன நடந்தது? 1963இலே யாழ்ப்பாணத்தில் நடந்த சாகித்திய மண்டல விழாவிலே முட்டைகள் பறந்தன. தபாலில் முட்டை அனுப்ப முடியாது என்பது தபாலின் பெருமைகளுள் ஒன்று.

போர்க்காலத்தைப் பற்றியும் ஒருசொல். 1990இலே யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது, மின்சாரமும் நின்றது, தொலைபேசியும் நின்றது. வெளிநாட்டிலுள்ள மகனுக்குத் தாய் எழுதிய கடிதம் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அக்காலத்திலே காலத்தாமதமும் ஒரு கொடுமையாயிற்று. கோபத்தில் எழுதிய கடிதம், கோபம் தணிந்து மன்னிப்புக் கேட்டெழுதிய கடிதத்துக்குப் பின்னர் வந்து சேர்ந்து, ஆறிய புண்ணைக் கிளறிய வீடுகள் உண்டு. 2014இலே புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது, கடிதமெழுதும் வழக்கமோ பெரும்பாலும் போயிருந்தது.

இப்போது கைத்தொலைபேசிக்கு வருவோம். கரவெட்டியிற் பிறந்தவர் இன்று கரவெட்டியில் மட்டுமா வாழ்கின்றனர்? ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் பரந்திருக்கின்றனர். ஊர்ச்சங்கத்துக்கு ஒன்று, பழைய மாணவருக்கு ஒன்று, கோயில் திருப்பணிக்கு ஒன்று, ஒன்றுவிட்ட சகோதரங்களுக்கு ஒன்று என்று ‘வாட்ஸ்அப்’ குழுக்கள் பெருகியுள்ளன. பிரிந்த உறவைப் பிணைத்தமைக்காக இக்கருவியை நாம் வாழ்த்தவே வேண்டும். ஆனால் 2014 நவம்பரிலே இதன் உரிமையாளர் ஒரு புதுமை செய்தனர்: அனுப்பிய செய்தியைப் பெற்றவர் படித்துவிட்டால் அருகிலே இரண்டு நீலக்குறிகள் தோன்றும். வேண்டாதார் இதனை நிறுத்திவைக்கலாம். எனினும் குழுக்களிலே நிறுத்த இயலாது. முன்னர் நீலநிற வான்கடிதம் வந்தால் வீடே மகிழ்ந்தது. இன்றோ நீலக்குறி கண்டும் மறுமொழி காணாதபோது வீடே கொதிக்கின்றது. மௌனம் என்பது ஓய்வாகவோ உறக்கமாகவோ சமையலாகவோ இருக்கலாம் என்பதை நாம் மறந்தோம். அதனை ஒப்புதலென்றோ அவமதிப்பென்றோ மட்டும் வாசிக்கக் கற்றோம்.

ஊர்தோறும் நடப்பதொன்றை எடுத்துக்கொள்வோம். எந்த ஊரென்று பெயர் சொல்லவேண்டா. மார்கழி மாதத்துச் சனிக்கிழமை. ரொறன்ரோவிலே பிற்பகல் மூன்று மணி. வெளியே பனி. ஓய்வாயிருக்கும் ஒருவர் பழைய மாணவர் குழுவிலே, ‘மண்டபக் கூரைக்கு அனுப்பிய பணத்துக்குக் கணக்கு எங்கே?’ என்று கேட்கின்றார். கேள்வியிலே தவறில்லை, பணம் அனுப்பியவர் கணக்குக் கேட்கலாம். இலண்டனிலே அப்போது இரவு எட்டு மணி. ‘நானும் நெடுநாளாகக் கேட்க நினைத்தேன்’ என்று அங்கிருந்து ஒருவர். சிட்னியிலே ஞாயிறு காலை ஏழு; தேநீர்க் கோப்பையோடு மற்றொருவர், ‘ஒளிக்க ஒன்றுமில்லையெனில் சொல்லவேண்டியதுதானே’ என்கின்றார். ஊரிலோ பின்னிரவு ஒன்றரை மணி! பொருளாளராகிய ஓய்வுபெற்ற ஆசிரியர் உறங்குகின்றார். மூன்று மணிக்குள் அவருடைய மௌனமே குற்றச்சாட்டாகின்றது. நான்கு மணிக்கு அவர் தந்தையாரின் பழைய காணிவழக்கும் இழுக்கப்படுகின்றது. அவர் ஐந்தரைக்கு எழுந்து பூசைக்குப் பூக்கொய்து வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டித் தொலைபேசியைப் பார்க்கும்போது ஐம்பதுக்கு மேற்பட்ட செய்திகள் காத்திருக்கின்றன. கணக்கு அலுமாரியிலே சி. ஆர். கொப்பியில் இருக்கின்றது, ஓட்டுக்கும் மரத்துக்கும் கூலிக்கும் கொடுத்த பற்றுச்சீட்டுகள் ஒவ்வொன்றும் அதில் ஒட்டப்பட்டிருக்கின்றன, ஒரு ரூபாவும் பிசகில்லை. அவர் அதனைப் படமெடுத்து அனுப்பலாம். அனுப்புவதில்லை. ‘பொறுப்பிலிருந்து விலகுகின்றேன்’ என்று எழுதிவிட்டுக் கொப்பியை மகனிடம் கொடுத்துவிடுகின்றார்.

அதன்பின்னர் மன்னிப்புகள் வருகின்றன. அவையும் விரைவாகவே வருகின்றன, கூப்பிய கைகளின் சிறுபடங்களோடு. ஆனால் பொருளாளர் பதவிக்கு வேறொருவர் முன்வருவாரில்லை. கூரையின் மற்றைப் பாதி அடுத்த மாரிக்கு முன் வேயப்படுமா என்பதும் ஐயமே. ஒழுகும் மண்டபத்திலே சோதனை எழுதப்போகும் பிள்ளைகள் அக்குழுவிலே இல்லை.

இங்கே நடந்தது என்ன? கெட்டவர் எவரும் இக்கதையில் இல்லை. ஒரே நேரத்திலே விழித்திருந்தவர்கள் ஓர் அவையாகிவிட்டனர், உறங்கியவர் எதிர்வாதியாகிவிட்டார். நீதிமன்றத்திலே எதிர்வாதிக்கு அழைப்பாணை அனுப்பி மறுமொழிக்குத் தவணை கொடுப்பர். நான்கு மணிநேரத்திலே தீர்ப்பு வழங்கும் நீதிமன்றம் எந்நாட்டிலும் நன்னீதிமன்றமென்று பெயரெடுத்ததில்லை.

உளநூலார் இதனை வேறுவகையால் ஆராய்ந்திருக்கின்றனர். குருக்ளான்ஸ்கி என்பவரும் அவர்தம் துணையாளரும் 1983இலே வெளியிட்ட ஆய்வு ஒன்று நம்மவர் அனைவரும் அறியத்தக்கது. இஸ்ரவேல் நாட்டிலே ஆசிரியப் பயிற்சி பெறுவோரிடம் ஒரு மாணவனின் கட்டுரையைத் திருத்தக் கொடுத்தனர். கட்டுரை ஒன்றே, எழுதியவன் பெயர் மட்டும் வேறு. சிலருக்கு அவன் மேன்மையுடையதாகக் கருதப்பட்ட சமூகத்தவன் என்று தோன்றும் பெயரும், சிலருக்குத் தாழ்வாக மதிக்கப்பட்ட சமூகத்தவன் என்று தோன்றும் பெயரும் கொடுக்கப்பட்டன. போதிய நேரம் பெற்றவர்கள் கட்டுரையை நோக்கிப் புள்ளியிட்டனர். அவசரப்படுத்தப்பட்டவர்களிடத்தோ பெயரின் செல்வாக்கு மிகுந்தது. முதலிற் கேட்டதையே பற்றிக்கொண்டு பின்னர் வருவதைத் தள்ளிவிடும் இயல்பும் அவசரத்தால் வளர்ந்தது.

பெயர், ஊர், தகப்பன் பெயர் என்று கேட்டு ஆளை அளக்கும் பழக்கம் நம் குடாநாட்டிலே எவ்வளவு ஆழமானது என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அப்பழக்கத்தைப் படிப்பாலும் போராட்டத்தாலும் நாம் சிறிது சிறிதாகக் குறைத்து வந்திருக்கின்றோம். அவசரமாக மறுமொழி தட்டும் பெருவிரலுக்கோ அந்தப் படிப்பு இன்னும் எட்டவில்லை. செய்தியைப் படிக்குமுன் அனுப்பியவர் பெயரைப் பார்க்கின்றோம். பெயரைப் பார்த்தவுடனே மறுமொழி பிறந்துவிடுகின்றது. கதிரைவேற்பிள்ளை எதிரியின் நூலைப் படித்துவிட்டுத் திட்டினார். நாமோ படிக்கும் சிரமத்தையும் எதிரிக்குத் தருவதில்லை.

இன்னொன்று. எழுத்திலே குரல் இல்லை. 2005இலே அமெரிக்க ஆய்வாளர் சிலர், மின்னஞ்சலிலே கேலியாக எழுதியதையும் மெய்யாக எழுதியதையும் பெறுவோர் பிரித்தறிகின்றனரா என்று பார்த்தனர். நூற்றுக்கு 78 பங்கு சரியாக அறிந்துகொள்வர் என்று எழுதியவர் எதிர்பார்த்தனர். பெற்றவர் சரியாக அறிந்ததோ 56 பங்கே. காசைச் சுண்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய அவ்வளவு கிடைக்கும். கடிதம் எழுதிய தலைமுறை இக்குறையை நிரப்ப ‘கோபிக்க வேண்டாம்’, ‘தவறாக எண்ணற்க’ என்று வரிகள் சேர்த்தது. விரைவிலே முதலில் உதிர்வன அவ்வரிகளே.

ஆயினும் விரைவு எப்போதும் தீதென்று நாம் வழக்குரைக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையை அடித்தபோது, எந்தப் பாடசாலையைத் திறப்பது, யார் சமைப்பது, யார் உழவியந்திரம் கொண்டுவருவது என்பன சில மணி நேரத்திலே முடிவாயின. அன்று ஆறப்போட்டிருந்தால் அதுவே குற்றமாயிருக்கும். கார்னவேல், லோலர் என்னும் இருவர் 1986இல் வெளியிட்ட ஆய்வும் இதனோடு ஒத்தது: தத்தம் இலாபத்தையே கருதிப் பேரம் பேசியவரை நேரநெருக்கடி உடன்பாடின்றிப் பிரித்தது, இருவர்க்கும் நன்மை தேடிப் பேசியவர் அந்நெருக்கடியிலும் நல்ல முடிவு கண்டனர். எரிகின்ற வீட்டுக்கு விரைவு வேண்டும். கூரைக் கணக்கு எரிகின்ற வீடன்று.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? சில குழுவினர் கைக்கொள்ளும் முறையொன்றை நாம் அறிவோம். பணத்தைப் பற்றியும் ஒருவருடைய நடத்தையைப் பற்றியும் எழும் கேள்விக்கு ஒரு கிழமைத் தவணை உண்டு. அதுவரை வேறெவரும் அதன்மேல் எழுதலாகாது. கேட்கப்பட்டவர் மறுமொழி கூறிய பின்னரே பேச்சு. ‘அப்படியானால் கள்ளன் தப்பிவிடுவானே’ என்பர் சிலர். கொப்பியிலே பொய்க்கணக்கு எழுத ஒரு கிழமை போதுமாயினும், ஓட்டுக்கடையின் பற்றுச்சீட்டை அவன் எங்ஙனம் ஆக்குவான்? மேலும், கேள்வியைக் கேட்டவருக்கும் அக்கிழமை கிடைக்கின்றது. 2023 மே மாதம் முதல் அனுப்பிய செய்தியைத் திருத்துவதற்கு அக்கருவியிலே வழி வைத்திருக்கின்றனர். ஆனால் அதற்கு அவர்கள் அளித்த காலம் பதினைந்து நிமிடம். யாழ்ப்பாணத்தவன் கோபம் பதினைந்து நிமிடத்தில் ஆறும் என்று அவர்களுக்கு யார் சொன்னாரோ!

தவணை முடிந்தபின் எல்லாரும் ஒருங்கே பேசுவதற்கு ஞாயிறு மாலை ஆறரை மணி ஏற்றது. மாரிகாலத்திலே அப்போது இலண்டனில் பகல் ஒரு மணி. ரொறன்ரோவிலே காலை எட்டு. சிட்னியிலே மட்டும் நள்ளிரவு. அங்குள்ளவர்களுக்கு வேறொரு வேளை குறிக்கவேண்டும், அன்றியும் அவர்கள் எழுதியனுப்புவதைச் செயலாளர் கூட்டத்திலே முதலில் வாசிக்கவேண்டும்.